இப்போ காலேஜுக்கு வர்ற பசங்களுக்கு எப்படி கிளாஸ் எடுக்கறது: நான் பண்ணிப் பாத்ததுல தேறினது

காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க நாலு பேர் ஒண்ணா உக்காந்தா கண்டிப்பா ஒரு பேச்சு வரும், இந்த பேட்ச் பசங்க கவனிக்கவே மாட்டேங்கறாங்க, எது கேட்டாலும் முகத்தையே பாக்கறாங்க, தலைய குனிஞ்சா போன்தான் அப்படின்னு. நானும் பல வருஷம் அதையேதான் சொல்லிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு செமஸ்டர் முழுக்க நல்லா தயார் பண்ணி, ஸ்லைடு எல்லாம் புதுசா போட்டு, போர்ஷன ஒரு வரி விடாம முடிச்சு, பரீட்சைப் பேப்பர் திருத்தும்போதுதான் உறைச்சது, நான் சொன்ன வாக்கியம் அப்படியே பேப்பர்ல இருக்கு, ஆனா கேள்விய கொஞ்சம் திருப்பிப் போட்ட இடத்துல ஒருத்தருக்கும் வரல. பேசினது பூரா நான், யோசிச்சதும் நானேதான். அவங்க எழுதிக்கிட்டாங்க, அவ்ளோதான்.

அதுலேர்ந்து ஒரே ஒரு கணக்குதான் வச்சிருக்கேன். ஒரு ஹவர்ல நான் எத்தனை நிமிஷம் பேசினேன்னு பாக்கறதில்ல, பசங்க மண்டை எத்தனை நிமிஷம் வேலை செஞ்சுதுன்னு பாக்கறேன். கீழ சொல்ற எல்லாமே அந்த நிமிஷத்த கூட்டறதுக்கான வழிதான்.

முதல்ல எது மாறிச்சு எது மாறலன்னு பிரிச்சுக்கோங்க. 1997லேர்ந்து 2012 வரைக்கும் பொறந்தவங்களத்தான் பொதுவா ஜென் ஸீன்னு சொல்றாங்க. இப்போ காலேஜ்ல இருக்கறவங்க அதுல பிற்பாதி, வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து வீட்ல ஸ்மார்ட்ஃபோன் இருக்கு, பள்ளிக்கூடத்துல ஒரு பகுதிய கொரோனாவால ஸ்கிரீன்ல படிச்சாங்க, 2022 நவம்பர் 30ம் தேதி சாட்ஜிபிடி வந்ததுக்கு அப்புறம் எந்தக் கேள்விக்கும் பதில் கையில இருக்கு. இதெல்லாம் நெசமாவே மாறினது. மாறாதது ஞாபகம் வேலை செய்யற விதம். கோல்டு ஃபிஷ்ஷ விட கவனம் கம்மி, 8 செகண்டுதான்னு ஒரு கதை சுத்துதே, அதுக்குப் பின்னாடி உருப்படியான ஆராய்ச்சி எதுவும் கெடையாது, ஒரு விஷயம் புடிச்சா மணிக்கணக்கா உக்காந்து பண்றாங்க. அதே மாதிரி பாத்துப் படிக்கறவங்க, கேட்டுப் படிக்கறவங்கன்னு பசங்கள பிரிச்சு பாடம் எடுத்தா நல்லா வரும்னு சொல்றதுக்கும் சரியான ஆதாரம் இல்லன்னு 2008லயே உளவியல்காரங்க அலசி எழுதிட்டாங்க. அதுல நேரத்த செலவழிக்காதீங்க. போன்லயே வளர்ந்தவங்களுக்கு கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியும்னும் நெனைக்காதீங்க. வீடியோ எடிட் பண்ணி அசத்துவாங்க, ஆனா ஒரு ஃபைல எந்த ஃபோல்டர்ல சேவ் பண்ணோம்னு தெரியாம தவிப்பாங்க, அத பொறுமையா சொல்லித்தான் குடுக்கணும்.

கேள்வியிலேர்ந்து ஆரம்பிங்க

ஒண்ணே ஒண்ணுதான் மாத்த முடியும்னா இத மாத்துங்க. எரிக் மசூர்னு ஹார்வர்ட்ல ஒரு இயற்பியல் பேராசிரியர், மாணவர்கள்கிட்ட அவருக்கு நல்ல பேர், பசங்க கணக்கெல்லாம் சூப்பரா போடுவாங்க. அவரு விசையப் பத்தி ரொம்ப எளிமையான, ஃபார்முலாவே தேவைப்படாத ஒரு டெஸ்ட் வச்சப்போ ஒரு மாணவி கேட்டாங்களாம், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி எழுதவா, இல்ல நான் வழக்கமா நெனைக்கற மாதிரி எழுதவான்னு. அந்தக் கேள்விதான் அவர உலுக்குச்சு. அதுக்கப்புறம் 1991லேர்ந்து அவரு பண்ண ஆரம்பிச்ச முறைக்கு பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு பேரு, எந்த சப்ஜெக்ட்டுக்கும் ஒத்துவரும்.

எப்படின்னா, 10, 12 நிமிஷம் பேசுங்க, நிறுத்துங்க, 4 ஆப்ஷன் வச்சு ஒரு கேள்வி போடுங்க. கணக்குப் போட்டு விடை வர்ற கேள்வியா இருக்கக் கூடாது, புரிஞ்சாதான் சொல்ல முடியணும். யாரும் பேசாம ஒரு நிமிஷம் யோசிச்சு எல்லாரும் ஒரே நேரத்துல ஓட்டுப் போடணும். ஓட்டுக்கு ஆப் எதுவும் வேணும்னு இல்ல, நெஞ்சுக்கு நேரா விரல்ல 1, 2, 3, 4 காட்டச் சொன்னா பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கூட தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழதான் சரின்னா பாடமே போய் சேரலன்னு அர்த்தம், திரும்ப வேற மாதிரி விளக்குங்க. 70க்கு மேல சரின்னா ரெண்டு வரி சொல்லிட்டு நகருங்க. நடுவுல இருந்துச்சுன்னா அதுதான் நமக்கு வேணும், விடைய சொல்லிடாதீங்க, பக்கத்துல வேற விடை போட்டவங்கள பாத்து பேசி ஒத்துக்க வைங்கன்னு ரெண்டு நிமிஷம் விடுங்க, மறுபடி ஓட்டு.

என் கிளாஸ்ல நடந்த ஒண்ண சொல்றேன். பந்த நேரா மேல தூக்கிப் போடறோம், உச்சியில ஒரு கணம் நிக்குது, அந்தக் கணத்துல அதோட முடுக்கம் என்ன? கிளாஸ்ல பாதிப் பேருக்கு மேல பூஜ்யம்னு போட்டாங்க. பேசுங்கன்னு விட்டுட்டு நடந்துட்டு இருந்தேன். மூணாவது பெஞ்ச்ல ஒரு பையன் ரொம்ப உறுதியா சொல்றான், நின்னுடுச்சுல்ல, நின்னா எல்லாமே பூஜ்யம்தான. பக்கத்துல இருந்த பொண்ணு வழக்கமா வாயே தொறக்க மாட்டா, அவ பேனாவ மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "அங்க முடுக்கம் பூஜ்யம்னா வேகம் மாறவே கூடாதுல்ல, அப்போ பந்து அங்கயே தொங்கிட்டு இருக்கணும், ஏன் கீழ வருது?"ன்னு கேட்டா. அவன் வாயத் தொறந்தான், மூடினான், அந்தப் பேனாவையே பாத்துட்டு இருந்தான், அப்புறம் மெதுவா விரல மாத்தினான். இதே விளக்கத்த நான் போர்டுல எத்தனை வருஷம் எழுதியிருப்பேன்! அது ஏன் எறங்கலன்னா, எனக்கு அது புரிஞ்சு ரொம்ப நாள் ஆச்சு, எந்த இடத்துல சிக்கும்னு எனக்கே மறந்து போச்சு. அந்தப் பொண்ணுக்கு அது புரிஞ்சு பத்து நிமிஷம்தான் ஆகுது, சிக்கற இடம் அவளுக்குத் தெரியும்.

தப்பான ஆப்ஷன்கள எங்கேர்ந்து எடுக்கறதுன்னு கேப்பாங்க. பழைய பரீட்சைப் பேப்பர்லேர்ந்து எடுங்க. பசங்க வருஷா வருஷம் ஒரே மாதிரிதான் தப்பு பண்றாங்க, திருத்தும்போது ஒரு நோட்ல அத குறிச்சு வச்சுக்கிட்டீங்கன்னா ரெண்டு செமஸ்டர்ல நல்ல கேள்வி சேந்துடும். வரலாறு, பொருளாதாரம் எடுக்கறவங்களுக்கும் இதே கதைதான், விடை ஒண்ணே ஒண்ணா இருக்கணும்னு கூட இல்ல, எந்தக் காரணம் பலமானதுன்னு கேட்டீங்கன்னா ஓட்டு பிரியும், ஓட்டு பிரிஞ்சா பேச்சு தானா வரும்.

கேட்டுட்டு சும்மா இருங்க

இது கேக்க சின்ன விஷயமா இருக்கும், பழகறது கஷ்டம். மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970கள்ல பள்ளி அறிவியல் வகுப்புகள பதிவு பண்ணிக் கேட்டாங்க, ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுட்டு சராசரியா 1 செகண்டுதான் காத்திருக்கார், அதுக்குள்ள வேற ஆளுக்குத் தாவிடறார், இல்லன்னா தானே பதில சொல்லிடறார். அதயே 3 செகண்டு ஆக்கினா பதில் நீளமாகுது, தெரியாதுங்கறது குறையுது, பேசாதவங்களும் பேசறாங்க. நான் மனசுக்குள்ள 5 வரைக்கும் எண்ணுவேன். மொத தடவ அந்த அமைதி ரொம்ப நீளமா இருக்கும், நமக்கே பதற்றமா வரும், வாயத் தொறந்து விடைய சொல்லிடலாம்னு தோணும், தாங்கிக்கோங்க.

கைதூக்கற மூணு பேர்கிட்டயே போகாதீங்க. அதுக்காக தூங்கறவன எழுப்பிக் கேள்வி கேக்கற மாதிரியும் பண்ணாதீங்க, இந்தத் தலைமுறை பசங்களுக்கு எல்லார் முன்னாடியும் தப்பா சொல்லிடுவமோங்கற பயம் ரொம்ப இருக்கு, அவமானப்பட்ட பையன் அந்த செமஸ்டர் முழுக்க வாயத் தொறக்க மாட்டான். தனியா யோசி, பக்கத்துல பேசு, அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லுன்னு ஃபிராங்க் லைமன் 1981ல சொன்ன வரிசை இருக்கே, அது இங்க நல்லா உதவும். "நீ சொல்லு தம்பி"ன்னு கேக்காம "உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன பேச்சு வந்துச்சு?"ன்னு கேளுங்க. தப்பா இருந்தாலும் அது அவன் ஒருத்தனோட தப்பு இல்ல, ரெண்டு பேரோட பேச்சு. இந்த ஒரு வார்த்தை மாத்தினதுல பின் பெஞ்ச்லேர்ந்து எனக்கு எத்தனை பதில் வந்திருக்கு தெரியுமா. அப்புறம் பேரு. 60 பேரா இருந்தாலும் மூணாவது வாரத்துக்குள்ள பேர் தெரிஞ்சு வச்சுக்கோங்க, ஒரு அட்டைய மடிச்சு பேர் எழுதி முன்னாடி வைக்கச் சொன்னா போதும்.

மறக்கறதுக்கு முன்னாடி கேளுங்க

கிளாஸ் ஆரம்பிக்கும்போது மொத 5 நிமிஷம் நோட்ட மூடிட்டு 3 கேள்வி. ஒண்ணு போன கிளாஸ்லேர்ந்து, ஒண்ணு போன வாரத்துலேர்ந்து, ஒண்ணு ஒரு மாசம் முன்னாடி நடத்தினதுலேர்ந்து. மார்க் கெடையாது, அவங்களே திருத்திக்கணும். இத நான் ரொம்ப நம்பறேன், அதுக்குக் காரணம் ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் 2006ல பண்ணின ஒரு பரிசோதனை. மாணவர்கள்ல ஒரு குழு ஒரு பகுதிய திரும்பத் திரும்ப 4 தடவ படிச்சாங்க, இன்னொரு குழு ஒரு தடவ படிச்சுட்டு 3 தடவ பாக்காம ஞாபகப்படுத்தி எழுதினாங்க. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா படிச்சவங்கதான் மேல, 83 சதவீதம், இவங்க 71. ஆனா ஒரு வாரம் கழிச்சு வச்சப்போ படிச்சவங்க 40க்கு விழுந்துட்டாங்க, எழுதிப் பாத்தவங்க 61. நாலு தடவ படிச்சவங்களுக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும்னு நம்பிக்கையும் அதிகமா இருந்துச்சு, அதுதான் கவனிக்க வேண்டியது. இந்த நம்பர போர்டுல எழுதி பசங்ககிட்டயே காட்டுங்க, ஹைலைட்டர் போட்டு படிச்சுட்டே இருக்கற பொண்ணு "அப்போ நான் இத்தனை நாள் பண்ணதெல்லாம்?"னு கேப்பா. அங்கேர்ந்து அவ படிக்கற முறையே மாறும்.

வீடியோ

வீட்ல வீடியோ பாத்துட்டு வா, கிளாஸ்ல கணக்குப் போடலாம்ங்கறது நல்ல யோசனைதான், நானும் பண்றேன். 2014ல இடெக்ஸ்ங்கற ஆன்லைன் கோர்ஸ் தளத்துல 69 லட்சம் தடவ வீடியோ பாத்த பதிவுகள வச்சு அலசினப்போ பசங்க ஈடுபாட்டோட பாக்கறது ஏறக்குறைய 6 நிமிஷம் வரைக்கும்தான்னு தெரிஞ்சுது. அதனால 50 நிமிஷ லெக்சர அப்படியே ரெக்கார்ட் பண்ணி குரூப்ல போடாதீங்க. ஒரு வீடியோ, ஒரு கருத்து, கடைசியில ரெண்டு கேள்வி. முக்கியமா, பாக்காம வந்தாங்கன்னு கிளாஸ்ல அதையே திரும்ப நடத்திடாதீங்க, ஒரு தடவ நடத்தினா அடுத்த வாரம் ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. பாக்காதவங்கள பின்னாடி உக்காந்து 6 நிமிஷம் பாத்துட்டு வந்து சேந்துக்கோங்கன்னு சொல்லிட்டு வேலைய ஆரம்பிங்க.

ஏஐ எழுதிக் குடுத்த அசைன்மென்ட்

இதப் பத்திதான் இப்போ எல்லாருக்கும் கவலை. கண்டுபிடிக்கற சாஃப்ட்வேர நம்பி ஒரு பிள்ளைய திருடின்னு சொல்லிடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். ஓபன்ஏஐ கம்பெனியே தான் வெளியிட்ட கண்டுபிடிப்புக் கருவிய துல்லியம் போதலன்னு 2023 ஜூலைல நிறுத்திட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட்ல பாத்தப்போ, ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவங்க டோஃபல்ங்கற ஆங்கிலத் தேர்வுக்காக சொந்தமா எழுதின கட்டுரைகள்ல பாதிக்கு மேல ஏஐ எழுதினதுன்னு இந்தக் கருவிகள் சொல்லிடுச்சு. எளிமையான வார்த்தைல எழுதற பசங்கதான் மாட்டறாங்க.

நான் பண்றது வேற. எந்த அசைன்மென்ட்ல ஏஐ கூடவே கூடாது, எதுல யோசனை கேக்கலாம், எதுல தாராளமா யூஸ் பண்ணலாம்னு ஒவ்வொரு தாள்லயும் மேலயே எழுதிடுவேன். மொத டிராஃப்ட் கிளாஸ்லயே கையால எழுதணும், ஒரு பக்கம் போதும், அத வீட்ல வளத்து எடுத்துட்டு வரலாம். குடுத்ததுக்கு அப்புறம் 3 நிமிஷ வைவா, எல்லாருக்கும் முடியலன்னா வாரம் பத்து பேர். ஒரு தடவ ஒரு பையன் ரொம்ப அழகா எழுதிக் குடுத்தான். நான் நாலாவது பாராவுல ஒரு வரிய காட்டி, "இது ஏன் இங்க வருது தம்பி, இத எடுத்துட்டா என்ன ஆகும்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பாத்துட்டு, "தெரியல சார், அது குடுத்துச்சு, நல்லா இருந்துச்சு"ன்னான். உண்மைய சொன்னதுக்கு நன்றின்னு சொல்லி, ரெண்டு நாள் டைம் தரேன், இந்த ஒரு பாராவ மட்டும் உனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதிட்டு வான்னேன். ஆறு வரிதான் எழுதிட்டு வந்தான், ரெண்டு எழுத்துப் பிழை, ஆனா அந்த ஆறு வரியும் அவனோடது, அந்த வரி ஏன் வேணும்னு இப்போ தெளிவா சொன்னான். இன்னொரு நல்ல வழி, ஏஐ குடுத்த பதிலையே பிரிண்ட் எடுத்துக் குடுத்து இதுல எங்கெல்லாம் தப்பு, எது அரைகுறைன்னு சிவப்புப் பேனால குறிங்கன்னு சொல்றது. தப்பு கண்டுபிடிக்கணும்னா பாடம் தெரிஞ்சே ஆகணும்.

எந்த வேலை குடுத்தாலும் மூணு விஷயம் எழுதியே குடுங்க, இத ஏன் பண்றோம், என்ன பண்ணணும், எத வச்சு மார்க். நல்லா எழுதின பதில் ஒண்ணு, சுமாரா எழுதினது ஒண்ணு பேர் இல்லாம காட்டி எது ஏன் நல்லதுன்னு அவங்களையே பேச விடுங்க. வீட்ல மொத மொதலா காலேஜ் வர்ற பிள்ளைங்களுக்கு இது பெரிய உதவி, வாத்தியார் மனசுல என்ன எதிர்பாக்கறார்னு சொல்லித்தர அவங்களுக்கு வேற யாரும் இல்ல. திருத்திக் குடுக்கும்போது மொத குறிப்ப மட்டும் குடுங்க, மார்க்க ரெண்டு நாள் கழிச்சு. மார்க் தெரிஞ்சிடுச்சுன்னா குறிப்ப யாரும் படிக்கறதில்ல.

இனி செல்போனப் பத்தி சுருக்கமா. முழுசா தடை போட்டு சண்டை போடறதுலயே ஹவர் போயிடும், விட்டுட்டாலும் தப்பு. 2013ல கனடால ஒரு பரிசோதனைல, லேப்டாப்ல வேற வேலை பாக்கறவங்கள பாக்கற மாதிரி உக்காந்த மாணவர்களுக்கு டெஸ்ட்ல 17 சதவீதம் கம்மியா வந்துச்சு, அவங்க ஒண்ணும் பண்ணல, பக்கத்து ஸ்கிரீன் கண்ணுல பட்டுச்சு, அவ்ளோதான். பசங்ககிட்ட இத சொன்னா "என் போன், என் இஷ்டம்"ங்கற பேச்சு நின்னுடுது. இப்போ கவுத்து வைங்க, இப்போ எடுங்கன்னு நேரம் சொல்லிடுங்க.

எதிர்ப்பு வரும், தயாரா இருங்க

ரெண்டாவது வாரத்துல யாராவது வந்து, சார் நீங்களே நடத்திடுங்க, அதுதான் புரியுதுன்னு சொல்லுவாங்க. மனசு ஒடைஞ்சு பழையபடி போயிடாதீங்க. ஹார்வர்ட்ல 2019ல வந்த ஆய்வுல ஒரே பாடத்த ஒரு குழுவுக்கு சரளமான லெக்சரா குடுத்தாங்க, இன்னொண்ணுக்கு தாங்களே செஞ்சு பாக்கற மாதிரி குடுத்தாங்க. செஞ்சு பாத்தவங்கதான் டெஸ்ட்ல நல்லா பண்ணாங்க, ஆனா கம்மியா கத்துக்கிட்ட மாதிரி தோணுதுன்னு சொன்னவங்களும் அவங்கதான். மண்டை கஷ்டப்படும்போது புரியாத மாதிரிதான் இருக்கும். இத மொத வாரத்துலயே சொல்லிடுங்க, நடுவுல ஒரு தடவையும் சொல்லுங்க.

அடுத்து போர்ஷன் முடியாதுங்கற பயம், நியாயமான பயம். 2011ல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல 2 பெரிய செக்‌ஷனுக்கு ஒரு வாரம் ஒரே பாடம், ஒண்ணுக்கு அனுபவமுள்ள நல்ல பேராசிரியரோட லெக்சர், இன்னொண்ணுக்கு அனுபவம் கம்மியான ஆள் இந்த முறைல பயிற்சி எடுத்துட்டு நடத்தினார். டெஸ்ட்ல லெக்சர் கேட்டவங்க சராசரி 41 சதவீதம், இந்த முறைல படிச்சவங்க 74. 2014ல 225 ஆய்வுகள சேத்துப் பாத்தப்போ லெக்சர் மட்டும் இருந்த கிளாஸ்ல 33.8 சதவீதம் பேர் ஃபெயில், செஞ்சு பாக்கற கிளாஸ்ல 21.8. நடத்தி முடிச்சும் மூணுல ஒருத்தன் ஃபெயில்னா அந்தப் போர்ஷன் யாருக்காக முடிஞ்சுது? நான் புத்தகத்த பாத்தாலே புரியற பகுதிகள வீட்டுக்குத் தள்ளிடறேன், விளக்கப் பட்டியல், வகைகள், வரையறை இதெல்லாம், சிக்கற இடத்துக்கு மட்டும் கிளாஸ் நேரம்.

எல்லாத்தையும் ஒரே செமஸ்டர்ல மாத்தாதீங்க, நான் அப்படி ஆரம்பிச்சு மூணே வாரத்துல களைச்சுப் போயிட்டேன். மொத மாசம் ஹவருக்கு ஒரு ஓட்டுக் கேள்வி, அவ்ளோதான். அது கைக்கு வந்ததும் ஆரம்பத்துல 3 கேள்விய சேத்துக்கோங்க. மிச்சத்த அடுத்த செமஸ்டருக்கு வைங்க.

கடைசி 2 நிமிஷத்த மட்டும் மொத நாள்லேர்ந்தே ஒதுக்கிடுங்க. ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு, பேர் வேண்டாம், இன்னிக்கு எது சுத்தமா புரியலன்னு ஒரே வரி எழுதி வாசல்ல இருக்கற டப்பால போட்டுட்டுப் போகணும். அன்னிக்கு சாயங்காலமே 10 நிமிஷத்துல பிரிச்சுடலாம், ஒரே மாதிரி சீட்ட ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குங்க, எது உயரமா இருக்கோ அதுதான் அடுத்த கிளாஸ் ஆரம்பம். மறுநாள் உள்ள போனதும், "நேத்து உங்கள்ல 14 பேர் இதே சந்தேகத்த எழுதியிருந்தீங்க"ன்னு அந்தக் கட்ட கையில வச்சுக்கிட்டு சொல்லிப் பாருங்க, நாம ஒருத்தர்தான் புரியாம இருக்கோம்னு நெனைச்சுட்டு உக்காந்திருந்த 14 பேரும் நிமிந்து பாப்பாங்க.